கோபத்தில் கொடுத்த நன்கொடை

போன வாரம் நான் கப்பலில் வாந்தியெடுத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். வீட்டில் புகார் வந்துவிட்டது. "பெயிண்ட் கடை வச்சிருக்கிற குடும்பம், கொஞ்சம் கௌரவமா எழுதக் கூடாதா?" என்று என் கணவர் கேட்டார். ஆகையால் இந்த வாரம் கல்வி, நன்றி, நன்கொடை ஆகிய உயர்ந்த விஷயங்கள்.

தொப்பி

தமிழ்நாட்டில் நான் படித்த கல்லூரியின் முதல்வர், எங்கள் ஊரான போர்ட் பிளேரின் விமான நிலையத்து வாசலில் வெளிப்பட்டபோது தலையில் அகலமான ஓலைத் தொப்பி வைத்திருந்தார். அதில் ஊதா நிற ரிப்பன் வேறு.

நன்கொடை கேட்டு வருகிறவர் என்றால் கொஞ்சம் வாடிய முகம், அக்குளில் ஒரு ஃபைல், வியர்த்த நெற்றி என்று ஏதோ எதிர்பார்த்து நின்றிருந்தேன். அம்மையார் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். அடுத்த கேள்வி, "ஹேவ்லாக் தீவுக்கு போட் காலையிலயா மத்தியானமா?"

அவருக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெர்சி வந்தாள். மெர்சி என் வகுப்புத் தோழி. யாருக்கும் பிடிக்காத வேலையெல்லாம் தேடிப்போய்த் தலையில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். அந்த வழக்கப்படி இப்போது முன்னாள் மாணவியர் சங்கத்தின் செயலாளர்.

"ஏட்டி அந்தமான்! ஒரு சுத்து பெருத்துட்டியே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டுக் கட்டிப்பிடித்தாள். அதே பவுடர் வாசனை. கல்லூரியில் என் பெயரை யாரும் சொன்னதில்லை. மூன்று வருடமும் நான் அந்தமான்தான். வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்துப் பெண்ணே ஒரு கணம் திரும்பிப் பார்த்து யாரது என்று யோசிப்பாள்.

கல்லூரிக்குப் பொன்விழா வந்துவிட்டதாம். வாசலில் ஒரு பெரிய வளைவு கட்டப் போகிறார்களாம். கொடுப்பவர்கள் பெயரை அதில் செதுக்குவார்களாம். இந்தத் தீவில் எங்கள் கல்லூரியில் படித்த பெண்கள் ஒரு கை விரல்களுக்கு மேல் கொஞ்சம் பேர் இருக்கிறோம். அத்தனை பேருக்காகக் கடல் தாண்டி இரண்டு பேர் வருவார்களா? வசூல் சாக்கு, பீச்தான் நோக்கம் என்பது தொப்பியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

எனக்கு அதில் குறை இல்லை. மெயின்லாண்டிலிருந்து எங்களைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கூடப் பையில் நீச்சல் உடையோடுதான் வருவார்.

ஏன் கொடுக்கிறார்கள்?

படித்த இடத்துக்கு ஏன் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் நன்றி என்பார்கள். எனக்குத் தெரிந்த கொடையாளர்களை வைத்துச் சொல்கிறேன், நம்பாதீர்கள்.

எங்கள் கல்லூரிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கொடுத்த ஒரு அக்கா, மகளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் கொடுத்தார். இடமும் கிடைத்தது. மகள் வேறு கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இயந்திரத்தில் இன்னும் தண்ணீர் வருகிறது.

இன்னொருவர் மாமியார் பெயரில் நூலகத்துக்கு இரும்பு அலமாரிகள் கொடுத்தார். பெயரை எங்கேயாவது எழுதிவைத்தால் மாமியார் கொஞ்ச நாள் வாயை மூடுவார் என்று கணக்கு. மாமியார் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று வந்து சண்டை பிடித்தார்.

மூன்றாமவர் மின்விசிறிகள் கொடுத்தார். ஒவ்வொரு இறக்கையிலும் தன் பெயர். விசிறி சுற்றினால் பெயரைப் படிக்க முடியாதே! அதனால் அவர் கல்லூரிக்கு வரும் நாள்களில் விசிறிகளை நிறுத்திவைப்பார்கள். பிள்ளைகள் வேர்த்து வழிய உட்கார்ந்து அவர் பெயரைப் படிப்பார்கள்.

நானும் கொடுத்தேன். காரணம் கோபம். இதை இப்படிப் பத்திரிகையில் போட்டு உடைப்பது எங்கள் சங்கத்துக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

பண்டிகை விருந்தாளி

கோபத்தின் வயது முப்பதுக்கு மேல்.

அப்போதெல்லாம் விமானம் அதிகாரிகளுக்கானது. எங்களுக்குக் கப்பல்தான். அதில் பங்க் கிளாஸ், அதாவது கப்பலின் வயிற்றில் அடுக்கடுக்காகத் தொங்கும் படுக்கைகள். சென்னையிலிருந்து கிளம்பினால் மூன்று நாளோ நாலு நாளோ கடல்தான் தீர்மானிக்கும். கப்பல் என்றைக்கு என்பதை ஷிப்பிங் ஆபீஸ் தீர்மானிக்கும். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நான் கிளம்பி, எங்கள் ஊர் ஹேடோ ஜெட்டியில் இறங்கி, அம்மா வைத்த மீன் குழம்பை வாயில் வைப்பதற்குள் அங்கே கல்லூரி திறந்துவிடும்.

ஆனால் விடுமுறைக்கு விடுதியை மூடுவார்கள். கடைசி மணி அடித்ததும் மற்றப் பெண்கள் பெட்டியோடு ஓடுவார்கள். நான் பெட்டியோடு நிற்பேன். வார்டன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து ஒரே வாக்கியம் சொல்வார்: "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போம்மா."

என் அப்பா தூத்துக்குடியில் அண்ணன் தம்பிகளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் கப்பலேறினார். சொந்தக்காரர்களோடு ஒற்றுமையாக இருந்திருந்தால் படகுத் தச்சரான அவர் ஏன் அந்தமானுக்கு வரப்போகிறார்?

ஆகவே ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு தோழி வீடு. பொங்கல் ஒரு வீட்டில், ஈஸ்டர் ஒரு வீட்டில், காலாண்டு விடுமுறை இன்னொரு வீட்டில். தென் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் நான் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள், "இது யாரு?" என்று கேட்டால், "தெரியலயே, அத்தை பக்கத்து ஆளா இருக்கும்" என்று சொல்லிப் பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமா இருப்பார். "அந்தமான்ல ஆளைத் தின்னுவாங்களாமே?" என்பார். "நாங்க கத்தோலிக்கர் மாமா, வெள்ளிக்கிழமை கறி தின்ன மாட்டோம்" என்பேன். அதற்குப் பிறகு என் இலையில் கறி தாராளமாக விழும்.

சிரிப்பெல்லாம் சரி. விருந்தாளிக்கு நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கக் கூடாது. அயர்ந்து தூங்கக் கூடாது. காய்ச்சல் வரவே கூடாது. வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால் காது கேட்காதவள் மாதிரி கோலப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். கேட்காமலே வெங்காயம் உரிக்க வேண்டும். மூன்று வருடத்தில் நான் உரித்த வெங்காயத்துக்கு ஒரு பட்டம் தனியாகக் கொடுத்திருக்கலாம்.

கிணற்றடி

இரண்டாம் வருடக் கிறிஸ்மஸுக்கு மெர்சி வீடு. கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், பனைகள் சூழ்ந்த ஊர். அவள் அம்மா எனக்கும் சேர்த்துப் புதுப் பாவாடை தைத்துவைத்திருந்தார். அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஆட்டுக்கறியும் சோறும் மூச்சுமுட்டத் தின்றோம்.

மத்தியானம் நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

"இந்தப் பிள்ளை என்னைக்குத்தான் போவும்?" என்று மெர்சியின் அம்மா கேட்டார்.

"இன்னும் ஒரு வாரம்மா. போக்கிடம் இல்ல அதுக்கு. பொறுத்துக்கோ" என்றாள் மெர்சி.

அவள் எனக்காகத்தான் பேசினாள். அவள் அம்மா கேட்டதிலும் தப்பில்லை. வீடு நிறையச் சொந்தம் வந்திருந்தது, பாய் பற்றவில்லை, அந்த அம்மாவுக்கு முதுகு வலி. 'அதுக்கு' என்பதுகூட அவர்கள் பக்கத்தில் பிரியமாகச் சொல்வதுதான். ஆனால் கறி மணக்கிற கையோடு வாளிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு அது வேறு மாதிரி விழுந்தது.

மறுநாள் காலை, கப்பல் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தூக்கு நிறைய முறுக்கு கட்டிக் கொடுத்தார்கள். பஸ் மறைகிறவரை மெர்சி கையாட்டிக்கொண்டிருந்தாள்.

பிரசவ வார்டு

கல்லூரி இருந்த டவுனில் இறங்கினேன். விடுதி பூட்டிக் கிடந்தது. வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விட்டார். ரயில் நிலையத்துப் பெண்கள் அறையில் டிக்கெட் கேட்டு வெளியே அனுப்பினார்கள். அப்போதுதான் எதிரே அரசு ஆஸ்பத்திரி தெரிந்தது. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை யாரும் விரட்டிப் பார்த்ததில்லை.

டிரங்குப் பெட்டியும் முறுக்குத் தூக்குமாகப் பிரசவ வார்டுக்குள் நுழைந்தேன். பினாயிலும் பாலும் கலந்த வாசனை. எங்கு பார்த்தாலும் துணி காய்ந்தது.

"யாருக்கு வந்திருக்க?" என்று நர்ஸ் மறித்தார்.

நான் கண்ணில் பட்ட கட்டிலைக் காட்டினேன். அதில் ஆபரேஷன் ஆன ஒரு அக்கா, மூலையில் துணி மூட்டை போல ஒரு பச்சைக் குழந்தை. அந்த அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார்.

"என் தங்கச்சிதான் சிஸ்டர்" என்றார்.

அவர் பெயர் சண்முகக்கனி. கணவர் கேரளாவில் பேக்கரி வேலை. மூன்றாவதும் பெண் என்று கேள்விப்பட்ட மாமியார் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிட்டார். குழந்தையைத் தூக்கக்கூட ஆள் இல்லாமல் கிடந்தார்.

"ஒரு தங்கச்சி இருந்தா நல்லாருக்குமேன்னு நெனச்சிட்டே படுத்திருந்தேன். நீ வந்துட்ட" என்றார் பிற்பாடு.

விடுதி திறக்கும்வரை அவர் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கை. காலையில் ஆஸ்பத்திரி ரொட்டியும் பாலும் பங்கு போட்டுக்கொள்வோம். நான் குழந்தையைப் பிடித்துக்கொள்வேன், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய்வருவார். நான் யார், ஏன் வந்தேன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புறப்படும் அன்றுதான் பெயரே கேட்டார்.

நியாயமாகப் பார்த்தால் நான் நன்றிக்கடன் பட்டது அந்த வார்டுக்குத்தான். ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு முன்னாள் மாணவியர் சங்கம் கிடையாது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார். மெர்சியிடம் எப்படிச் சொல்வது?

மாடி ஹால்

ஹேவ்லாக்கிலிருந்து முதல்வர் திரும்பிவிட்டார். தொப்பி போட்டும் மூக்கு உரிந்திருந்தது. அபர்டீன் பஜாரில் ஒரு ஓட்டல் மாடியில் எங்கள் கூட்டம். கீழே ஆட்டோக்கள் ஹார்ன் அடிக்க, மேலே முதல்வர் நன்றியுணர்வு பற்றிப் பேசினார். போர்ட் பிளேருக்குப் புதுப் பெயர் வந்ததை யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், "ஸ்ரீ விஜயபுரத்துச் சகோதரிகளே" என்று ஆரம்பித்தார். சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சுவரில் வளைவின் படம் ஓடியது. இரண்டு பக்கமும் யானைகள். எங்கள் கல்லூரிக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

"உங்க தீவுலேர்ந்து இன்னைக்கும் பிள்ளைங்க நம்மளத் தேடி வர்றாங்க" என்றார் பெருமையாக. "கார் நிக்கோபார்லேர்ந்துகூட ஒரு பொண்ணு படிக்குது."

"கிறிஸ்மஸ் லீவுக்கு அந்தப் பொண்ணு எங்க போகும் மேடம்?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். கையில் சமோசா இருந்தது.

"ஹாஸ்டல் குளோஸ் பண்ணிடுவோம். ரிலேட்டிவ்ஸ் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"கார் நிக்கோபார் பொண்ணுக்கு அங்க ஏது ரிலேட்டிவ்ஸ்?"

"ஃப்ரெண்ட்ஸ் வீடு இருக்குமில்ல மேடம். பிள்ளைங்க சமாளிச்சுக்குவாங்க."

சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டேன். "அப்படின்னா வளைவுக்கு நான் எதுவும் தர்றதா இல்ல."

முதல்வர் புன்னகையைக் கழற்றாமல் மெர்சியைப் பார்த்தார். மெர்சி எழுந்தாள். செயலாளருக்குரிய குரலில்தான் ஆரம்பித்தாள்.

"ஏட்டி, உனக்கு என்ன குறை வச்சோம்? ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு நீயும்தான் வந்த. எங்க வீட்டுல கிறிஸ்மஸ் கொண்டாடலையா? எங்கம்மா உன்னைத் தங்கமா பாத்துக்கிட்டாவ."

அந்த அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் வாயை மூடியிருக்கலாம். மூட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"பாத்துக்கிட்டாங்க. பாவாடைகூடத் தைச்சுக் கொடுத்தாங்க. ஆனா மறுநாள் எனக்குக் கப்பல் எதுவும் கிடைக்கல மெர்சி."

"பின்ன எங்க போன?"

"பெரியாஸ்பத்திரிக்கு. பிரசவ வார்டு."

கூட்டத்தில் ஒருத்தி பதறிப்போய் வாயைப் பொத்தினாள். என்னவோ நினைத்துவிட்டாள். அதனால் முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கிணற்றடியை மட்டும் விட்டுவிட்டு, சண்முகக்கனி அக்கா, கட்டிலடி, ரொட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

மெர்சி நின்றபடியே கேட்டாள். பிறகு மெதுவாக, "கறி தின்னுட்டு கை கழுவப் போனியே. கேட்டுட்டியா?" என்றாள்.

"எனக்குக் காது நல்லா கேக்கும்."

கீழே ஒரு ஆட்டோக்காரர் யாரையோ ஹிந்தியில் வைதுகொண்டிருந்தார்.

"வெரி டச்சிங் மேடம்" என்றார் முதல்வர். "ஆனா பிராக்டிகலா பாருங்க. லீவுல ஹாஸ்டல் திறந்தா சமையல், வாட்ச்மேன் எல்லாம் இருக்கு."

"அந்த நாள்களோட செலவு முழுக்க என்னோடது. ஒவ்வொரு வருஷமும். எழுதிக் கொடுக்கிறேன்."

"செலவு இல்ல மேடம் பிரச்சனை. யார் பொறுப்பா இருக்கிறது? வார்டனுக்கும் குடும்பம் இருக்கு. அவங்களும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போகணுமில்ல?"

முப்பது வருடமாக வார்டன் மேல் இருந்த கோபத்தில், அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

"நான் இருக்கேன்" என்றாள் மெர்சி.

முதல்வர் திரும்பினார். "கிறிஸ்மஸ் மேடம்!"

"தெரியும். அது வருஷா வருஷம் வருது" என்று சொல்லிவிட்டு மெர்சி உட்கார்ந்துவிட்டாள்.

கோபம் கைமாறியது

மெர்சி உருகிவிட்டாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. மாடிப்படியில் இறங்கும்போதே என் மேல் பாய்ந்தாள்.

"இத்தன வருஷமா சொல்லாம வச்சிருந்திருக்க. எம் பிள்ளை கல்யாணத்துக்கு வந்த, சிரிச்ச, சாப்பிட்ட. எங்கம்மா சாவுக்கு போன் பண்ணி அழுத. நீ என்ன மனுஷிட்டி? அன்னைக்கே வந்து ரெண்டு வார்த்தை சண்ட போட்டிருந்தா, எங்கம்மாவே உன்னைக் கட்டி இழுத்து உக்கார வச்சிருப்பா."

அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சிப்பிகாட் வேளாண் பண்ணையைக் காட்டக் கூட்டிப்போனேன், மிளகுக் கொடியோடு பேசினாள். என் கணவரோடு பெயிண்ட் விலை பேசினாள். விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகப் போனவள் திரும்பி வந்தாள்.

"அந்த முறுக்கு என்ன ஆச்சு?"

"வார்டுல எல்லாரும் தின்னோம். நர்ஸுக்கும் கொடுத்தோம்."

"நல்லா இருந்துச்சா?"

"உப்பு கொஞ்சம் கூட."

"எங்கம்மா கை எப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

திறந்த விடுதி

அந்த டிசம்பரில் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு நானும் போனேன். என் செலவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா?

வளைவு வந்துவிட்டிருந்தது, யானைகளோடு. கட்டி முடித்த பிறகுதான் கல்லூரி பஸ் அதற்குள் நுழையாது என்று தெரிந்ததாம். பஸ் பின்வாசல் வழியாகப் போய்வருகிறது.

விடுதியில் புகை. பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். மெர்சி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கார் நிக்கோபார், லட்சத்தீவு, மணிப்பூர் என்று தூரத்துப் பிள்ளைகள் இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"இவங்களுக்கு வீடு இருக்கே?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஒருத்தி போனா தாய்மாமனுக்குக் கட்டி வச்சிருவாங்களாம். இன்னொருத்தி அப்பா குடி. அந்தா உக்காந்திருக்கே, அது ஏன்னு சொல்லல. நானும் கேக்கல" என்றாள் மெர்சி.

போக்கிடம் இல்லாதவளைத்தான் நான் நினைத்திருந்தேன். போகப் பிடிக்காதவர்கள் என் கணக்கிலேயே இல்லை.

சமையலறையைக் கைப்பற்றியிருந்தவள் எஸ்தர். முதல்வர் பெருமையோடு சொன்ன அந்தக் கார் நிக்கோபார் பெண். பன்றிக்கறி இல்லாமல் கிறிஸ்மஸா என்று ஊரெல்லாம் அலைந்து வாங்கி வந்து, பெரிய அண்டாவில் வேகவைத்துக்கொண்டிருந்தாள். பன்றிக்கறி தொடாத லட்சத்தீவுப் பெண் தள்ளிப்போய்த் தனி அடுப்பில் மீன் பொரித்தாள். என்னைப் பார்த்ததும் எஸ்தர் கரண்டியோடு வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நியூ வார்டனா? பாத்ரூம்ல பானி நஹி ஆத்தா, தண்ணியே வரல. ரெண்டு நாள் சொல்லிட்டேன்."

"நான் வார்டன் இல்லம்மா. இங்க படிச்சவ. போர்ட் பிளேர்."

"அரே, நம்ம ஊரு!" என்று கத்தினாள். அடுத்த நிமிடம் என் கையில் ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுத்துவிட்டாள்.

தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மணிப்பூர்ப் பெண் ஏதோ பாட, தெரியாத மொழிக்கு எல்லாரும் கை தட்டினோம். ஏன் என்று சொல்லாத அந்தப் பெண் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். யாரும் எழுப்பவில்லை.

சாப்பிட்டு முடித்து எஸ்தர் குழாயடியில் அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தாள். குழாய் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. அவள் தேங்காய்நாரை ஓங்கி எறிந்தாள்.

"ஆன்ட்டி, இந்த காலேஜ்ல எதுவும் சரி இல்ல. தண்ணி இல்ல, பல்ப் இல்ல, கேட்டா திட்டுறாங்க. நான் வேலைக்குப் போனா இவங்களுக்கு ஒரு பைசா தர மாட்டேன். கசம் ஸே, சத்தியமா!"

சங்கத்தின் செயலாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

"சும்மா இரு மெர்சி" என்றேன். "இவளோட போன் நம்பரை வாங்கி வச்சுக்கோ. நம்ம சங்கத்துக்கு அடுத்த ஆள் கிடைச்சாச்சு."